ராசியான மெக்கர்

அக்டோபர் 16, திங்கள், காலை 10.40

பெட்டியின் மேல் குங்குமப் பொட்டு மொத்தம் 41. இரண்டு முறை எண்ணினேன்.

பெட்டிக்குள் இருப்பது மெக்கர். ஒயரின் மேலுறையைத் தாண்டி மின்சாரம் கசிகிறதா என்று பார்க்கிற கருவி. இரண்டு கிளிப்பை ஒயரில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் முள் ஓடும். பூஜ்யத்துக்கு வந்தால் கசிவு. மறு கோடியில் படுத்த எட்டு போல ஒரு குறி இருக்கும், அங்கே போய் நின்றால் ஒயர் பழுதில்லை. இந்த மெக்கர் திருமூர்த்தி அண்ணனுடையது. தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறார்.

ஊரில் ஒயரிங் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கிற ஒவ்வொருவனும் ஆய்வுக்கு முன்னால் வந்து இந்தப் பெட்டியைத் தூக்கிப் போகிறான். லைசென்ஸ் கிடைத்ததும் பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்துத் திருப்பித் தருகிறான். விதிப்படி கருவி விண்ணப்பதாரருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். ஆக, 41 பேருக்குச் சொந்தமான ஒரு கருவி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆய்வாளருக்குத் தெரியாதா என்று கேட்டேன். திருமூர்த்தி அண்ணன் ஸ்விட்ச் டப்பாக்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ராசியான பெட்டி தம்பி. இத வெச்சுப் பாத்து ஒரு வீடும் ஃபெயில் ஆனதில்லை. எட்டுல போய்ப் படுத்துக்கும்.”

என் நிலைமை இது. டிப்ளமோ முடித்து நூல் மில்லில் நான்கு வருடம் ஷிஃப்ட் எலெக்ட்ரீஷியன். வேலையை விட்டுவிட்டு வீடு வீடாகப் பழுது பார்க்கிறேன். ஃபேன், மோட்டார், கீசர், குழாய், கதவுக் கொக்கி வரை. கொக்கி மாட்ட யார் அனுமதியும் வேண்டாம். புதிதாக ஒரு ப்ளக் பாயின்ட் இழுக்க லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் இழுத்தாலும் யாரும் கேட்பதில்லை. மீட்டர் கேட்டுப் போகும்போதுதான் கேட்பார்கள், அப்போது வேறொருவன் வந்து, சுவரைக்கூடப் பார்க்காமல், கையெழுத்துப் போட்டுப் போவான். அந்தப் பிழைப்பு எனக்கு வேண்டாம். பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன்.

என் சொந்த மெக்கருக்குக் கோயம்புத்தூரில் சொல்லி வைத்திருக்கிறேன். தீபாவளிக்குப் பிறகுதான் வருமாம். தங்கமணி அக்காவால் அதுவரை காத்திருக்க முடியாது. எங்கள் தெருவில் சின்னக் கிரைண்டரில் இட்லி மாவு ஆட்டி விற்றவர், இப்போது வாடகைக்குக் கடை பிடித்து இரண்டு பெரிய கிரைண்டர் இறக்கிவிட்டார். மும்முனை இணைப்பு வேண்டும். அதற்கு லைசென்ஸ் உள்ளவன் சோதனை அறிக்கை தர வேண்டும். தீபாவளிக் காலையில் ஊரே இட்லி சாப்பிடும். அந்த ஒரு நாளை நம்பித்தான் கடையே.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 20, வெள்ளி

ஆய்வு முடிந்தது. அலுவலகம் என்று எங்கள் வீட்டு முன்னறையைக் காட்டினேன். ஆய்வாளர் டேப் பிடித்து அறையை அளந்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். பழைய சொந்தக்காரரைக் கல்யாண வீட்டில் பார்த்த மாதிரி ஒரு சிரிப்பு. “இது இன்னும் நல்லா இருக்குதுங்களா?” என்றார். திறக்கச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் விதிப் புத்தகத்தை வரி வரியாகப் படித்திருந்தேன். எர்த் குழியின் ஆழம், எந்த மோட்டாருக்கு எத்தனை தடிமன் ஒயர், எல்லாம் நாக்கு நுனியில். அவர் கேட்ட ஒரே கேள்வி, வாசலில் இருக்கும் ரோஜாப் பதியன் எந்த நர்சரியில் வாங்கியது என்பது. அம்மா பதில் சொன்னாள். பாஸ்.

இப்படித்தானா எல்லோருக்கும் கொடுக்கிறார்கள்? இன்னும் நம்ப முடியவில்லை.

அக்டோபர் 23

ஆயுத பூஜை. ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றுக்கும் அம்மா சந்தனம் பூசிவிட்டாள். பிடி வழுக்குகிறது.

அக்டோபர் 27, வெள்ளி

லைசென்ஸ் எண் வந்துவிட்டது. தகரப் பலகையில் பெயரும் எண்ணும் எழுதி கேட்டில் மாட்டினேன். தரணிதரன், டி.இ.இ.இ.

திருமூர்த்தி அண்ணன் பொட்டு வைக்கச் சொன்னார். இதெல்லாம் கருவி, சாமி இல்லை என்றேன். முகம் சுருங்கிப்போய் அவரே 42ஆவது பொட்டை வைத்தார். ஆனாலும் நல்ல மனுஷன். “உன்றது வர்ற வரைக்கும் இதையே வெச்சுக்க” என்று பெட்டியைத் திரும்பக் கையில் கொடுத்தார்.

அக்டோபர் 29, ஞாயிறு

தங்கமணி அக்கா கடையில் ஒயரிங் முடிந்தது. எல்லாம் என் கை. எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு நானே மூடினேன். மெயின் போர்டில் ட்ரிப்பர் வைத்தேன். எங்காவது மின்சாரம் கசிந்தால் கண் இமைக்கும் முன் கடை மொத்தத்தையும் அணைத்துவிடுகிற சுவிட்ச் அது. மற்றவன்கள் செலவு என்று இதை விட்டுவிடுவான்கள். எத்தனை பேர் சாகிறார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை.

ஒன்றே ஒன்று. பின்சுவருக்குள் ஒரு பழைய இரும்புப் பைப் ஓடுகிறது, பின்பக்க விளக்குக்குப் போகிற லைன். அதையும் உடைத்து மாற்றலாம் என்றேன். வாடகைக்கு விட்ட கட்டடக்காரர் சுவரில் கை வைக்கக் கூடாது என்றுவிட்டார். சரி, மெக்கர் போட்டுப் பார்ப்போம், கசிந்தால் உடைத்துத்தான் ஆக வேண்டும் என்று சொன்னேன்.

ஏழு லைன். ஏழும் எட்டுக் குறிக்கே போனது. பழைய பைப் லைனும்தான். முள் அசங்கவில்லை. ஈரம் காயாத சுவரில் இவ்வளவு சுத்தமான ரீடிங் நான் மில்லில்கூடப் பார்த்ததில்லை. வேலை சுத்தமாக இருந்தால் ரீடிங்கும் சுத்தமாக இருக்கும்.

முதல் கையெழுத்து. அக்கா பேனாவைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எந்தம்பி கையெழுத்து, கலெக்டர் கையெழுத்தாட்ட இருக்குது” என்றார். எழுத்து புரியவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்.

நவம்பர் 2, வியாழன்

இணைப்பு கொடுத்துவிட்டார்கள். கடை திறப்பு. எனக்கு முதல் பாக்கெட் மாவு. புளிக்க விடாமல் ஊற்றி அம்மா தோசையைக் கெடுத்தாள்.

நவம்பர் 3

மழை.

நவம்பர் 4, சனி

மழை. காலையில் அக்கா போன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடை மொத்தமும் அணைந்துவிட்டதாம். போய்ப் பார்த்தேன். ட்ரிப்பர் விழுந்திருக்கிறது. தூக்கிவிட்டேன். ஓடியது. அரை மணி கழித்து மறுபடி விழுந்தது. கடையில் கூடமாட வேலை செய்யும் ருக்மணி, பின்பக்கம் கழுவிவிட்டால்தான் அணைகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு நேரம் இல்லை. மெக்கரை எடுத்துவந்து மறுபடி போட்டேன். ஏழும் எட்டு.

லைன் சுத்தம் என்றால் ட்ரிப்பர்தான் பழுது. எளிய கணக்கு. திருமூர்த்தி அண்ணனிடம் சொன்னேன், திங்கட்கிழமை கம்பெனியில் மாற்றித் தருகிறேன் என்றார். இப்படி மட்டமான சரக்கை விற்கிறார்கள்.

நவம்பர் 6, திங்கள்

மாற்று வரவில்லை. வெள்ளிக்கிழமைதான் வருமாம். இன்று காலை பாதி ஆட்டிய உளுந்து இரண்டு முறை நின்றுபோனது. ஹோட்டல்காரன் ஒருத்தன் வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டு வேறு கடைக்குப் போனான். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கையில் மாவோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ட்ரிப்பரின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் நான்கு துண்டு ஒயர் போட்டு, மின்சாரம் ட்ரிப்பரைத் தொடாமல் நேராகப் போகும்படி கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். லைன் சுத்தமாக இருக்கும்போது இதில் ஆபத்து இல்லை. போர்டை மூடி ஸ்க்ரூ இறுக்கினேன்.

அதற்குப் பிறகு கடை நிற்கவே இல்லை.

நவம்பர் 7

இன்று செய்தது: ஒரு வீட்டில் பாத்ரூம் தாழ்ப்பாள், இரண்டு வீட்டில் ஃபேன் ரெகுலேட்டர், ஒரு வாத்தியார் வீட்டில் தண்ணீர் மோட்டார். வாத்தியார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசிவரை அறிவுரை.

சாயங்காலம் அக்கா போன். பின்பக்கக் குழாயைத் திருகும்போது விரலில் சுருக் என்கிறதாம், கட்டெறும்பு கடித்த மாதிரி. மழைக்கு எறும்பு ஏறியிருக்கும், பொடி போடுங்கள், செருப்புப் போட்டு நில்லுங்கள் என்றேன். சரி என்றார்.

நவம்பர் 8

எறும்புப் பொடி வாங்கிக் கொடுத்தேன். ஏன் செருப்பு போடச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை.

நவம்பர் 9, வியாழன்

தங்கமணி அக்கா கடையில் விழுந்துவிட்டார். காலை ஆறரை மணிக்கு. பின்பக்கம், குழாயடியில். ருக்மணி பார்த்திருக்கிறாள். “எத்தித் தள்ளுன மாதிரி போய் உழுந்தாங்க” என்கிறாள். ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

நவம்பர் 10, வெள்ளி

காலை ஆஸ்பத்திரி. அக்கா எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி இட்லியைக் கல் என்று பக்கத்துப் படுக்கைக்காரியிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தார், விலாசம் கொடுத்து மாவு வாங்க வரச் சொன்னார். வலது உள்ளங்கையில் கட்டு. டாக்டர், அடுப்பில் சுட்டுக்கொண்டீர்களா என்று கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டாராம்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“பின்ன என்னன்னு சொல்றது? வெறும் வயித்துல நின்னேன், கிறுகிறுன்னு வந்துருச்சு. உழுந்ததுல எங்கியோ சுட்டிருக்கும்.”

ருக்மணி வேறு மாதிரி சொல்கிறாளே என்றேன்.

“அவ கெடக்கறா. கரண்டுன்னா நானே பயந்துருப்பனே சாமி. அது நீ பாத்துக் கையெழுத்துப் போட்ட கடையாச்சே.”

நான் வெளியே போய் காபி வாங்கி வந்தேன். அக்கா குடித்துவிட்டு, நாளை மதியம் பெயர் வெட்டி அனுப்பிவிடுவார்கள் என்றார். ருக்மணியிடம் அரிசியும் உளுந்தும் காலையிலேயே ஊறப்போடச் சொல்லியாகிவிட்டதாம். போனதும் நேராகக் கடைக்குத்தான். நாளை மறுநாள் தீபாவளி.

சாவியை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். டெஸ்டரைப் பின்பக்கக் குழாயில் வைத்தேன். எரிந்தது. சுவரில் வைத்தேன். எரிந்தது. ஈரச் சுவர் முழுக்க எங்கு வைத்தாலும் மங்கலாக எரிகிறது. தண்ணீர்க் குழாய்க்கு நேர் பின்னால், சுவருக்குள், அதே உயரத்தில் அந்தப் பழைய இரும்புப் பைப் ஓடுகிறது.

மெயினை அணைத்து, பின்பக்க லைனைக் கழற்றி, மெக்கர் போட்டேன். எட்டு.

டெஸ்டர் ஒன்று சொல்கிறது. மெக்கர் ஒன்று சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய்.

அப்போதுதான் செய்தேன். பாலிடெக்னிக் முதல் வருடம், லேபில் முதல் நாள், கருவியைக் கையில் கொடுத்தவுடன் செய்யச் சொல்வது. இரண்டு கிளிப்பையும் ஒன்றோடொன்று கடிக்கவிட்டுச் சுற்ற வேண்டும். முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வந்தால்தான் கருவியை நம்பலாம்.

சுற்றினேன். எட்டு.

மறுபடி சுற்றினேன். எட்டு. கைப்பிடி சூடாகும் வரை சுற்றினேன். படுத்தது எழுந்திருக்கவில்லை.

கிளிப்புக்கு ஒரு சாண் முன்னால் ஒயரை மடக்கிப் பார்த்தேன். கயிறு மாதிரி மடங்கியது. உறையைக் கீறினால் உள்ளே செம்பு இல்லை, பச்சையாகப் பொடி. மேலே பார்த்தால் ஒரு சிராய்ப்புக்கூட இல்லாத ஒயர். இதை எதில் மாட்டினாலும் எட்டுதான் காட்டும். சுவரில் மாட்டினாலும் சரி, மாட்டுக் கொம்பில் மாட்டினாலும் சரி. அது லைனைப் பார்க்கவே இல்லை. காற்றைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரு வீடும் ஃபெயில் ஆனதில்லை என்று திருமூர்த்தி அண்ணன் சொன்னார். எப்படி ஆகும்?

யார் யார் காரணம்: கருவி. அதைப் பராமரிக்காத திருமூர்த்தி அண்ணன். பெட்டியைத் திறக்காத ஆய்வாளர். சுவரை உடைக்கவிடாத கட்டடக்காரர். எனக்கு முன்னால் கிளிப்பைச் சேர்த்துப் பார்க்காத 41 பேர்.

மெயின் போர்டைத் திறந்தேன். பார்த்தேன். மூடிவிட்டேன். மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள ஃப்யூஸ் மூன்றையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இனி யார் போட்டாலும் அந்தக் கடையில் ஒரு பல்புகூட எரியாது.

நவம்பர் 11, சனி, காலை

கடை திறந்தவுடன் பெட்டியைக் கொண்டுபோய் திருமூர்த்தி அண்ணன் மேஜையில் வைத்தேன். பட்டாசு வாங்க வந்த கூட்டம் எதிர்க்கடையில் நின்றது. இரண்டு கிளிப்பையும் சேர்த்து, கைப்பிடியை அவர் கையில் கொடுத்தேன். சுற்றினார். பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை சுற்றினார்.

கடைசியாக எப்போது இந்த முள் கீழே வந்து பார்த்தீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். கடைக்கு மாடி கட்டினபோது ஒரு லைனில் முள் ஆடியதாம். பெரிய பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருடம். அந்தப் பெண் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

இதை நான் சத்தமாகச் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, குரலையும் இறக்கினார். பெட்டியை இன்றைக்கே அமராவதி ஆற்றில் போட்டுவிடலாம், புதுசு ஒன்று அவரே வாங்கி வைப்பார், இனிமேல் எல்லாம் சரியாக நடக்கும் என்றார். இனிமேல் சரி, இதுவரை பார்த்த வீடுகள் என்றேன்.

“தம்பி, நீ வாயத் தொறந்தா மொதல்ல போறது உன்ற லைசென்ஸு. பலகை மாட்டி பதினஞ்சு நாள் ஆச்சா? அந்த நாப்பத்தோரு பேரும் உன்ற வீட்டு முன்னாடி வந்து நிப்பாங்க. எல்லாத்துக்கும் பொண்டாட்டி புள்ளை இருக்குது.”

அந்த வீடுகளிலும் இருக்கிறது என்றேன். அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பொட்டுகளைத் தடவிக்கொண்டிருந்தார். அழித்துவிடுவாரோ என்று பயந்து கையை நீட்டினேன். அவர் அழிக்கவில்லை. ஓரத்திலிருந்த காய்ந்துபோன ஒன்றில் விரலை வைத்தார்.

“இது அலங்கியத்துக்காரன். சத்திரம் பூரா அவன் ஒயரிங்தான்.” அடுத்ததில் வைத்தார். “இது மூலனூர்ப் பையன். பால்வாடி கட்டுனான்.”

பால்வாடி. நான் பேனாவை எடுத்தேன். அவர் விரல் ஒவ்வொரு பொட்டாக நகர்ந்தது. சிலதற்குப் பெயர் உடனே வந்தது. சிலதற்குக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், ஆனால் அவர்கள் கையெழுத்துப் போட்ட வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள். கடைசிப் பொட்டு மட்டும் இன்னும் சிவப்பாக இருந்தது. அதில் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இது யாருன்னு நான் சொல்லோணுமா?”

வேண்டாம் என்றேன்.

நேரம் இல்லை. செய்ய வேண்டியவை, வரிசைப்படி:

1. ஊறிக்கொண்டிருக்கும் அரிசி, உளுந்து மொத்தத்தையும் அண்டாவோடு ஆட்டோவில் ஏற்றி, பைபாஸ் பக்கத்து மாவு மில்லில் ஆட்டிக் கொண்டுவருவது. மில்காரரிடம் பேசிவிட்டேன். ருக்மணி கூட வருவாள். அக்காவின் தீபாவளி ஆர்டர் ஒன்றும் தவறக் கூடாது.

2. மூலனூர் பால்வாடி. திங்கட்கிழமை குழந்தைகள் வரும் முன். மெக்கர் வேண்டாம், டெஸ்டரும், சுவரை நனைத்துப் பார்க்க ஈரத் துணியும் போதும். சாவி யாரிடம் என்று விசாரிக்க வேண்டும்.

3. கோயம்புத்தூருக்குப் போன் செய்து மெக்கரைப் பஸ்ஸில் போட்டுவிடச் சொல்வது. வந்தவுடன் முதல் வேலை, கிளிப் இரண்டையும் சேர்த்துச் சுற்றுவது.

4. நாற்பத்தோரு பேரில் உயிரோடு இருப்பவர்களுக்கு நானே நேரில் போய்ச் சொல்வது. அடித்தால் வாங்கிக்கொள்வது.

5. ஆய்வாளருக்கு எழுத்தில். பெட்டியையும் கூடவே அனுப்புவது. பொட்டுகளைத் துடைக்கக் கூடாது.

6. கேட்டில் இருக்கும் பலகையை நானே கழற்றுவது. அவர்கள் வந்து கழற்றும் வரை காத்திருக்க வேண்டாம்.

7. இது மதியம், அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவுடன், 1ஆம் எண் முடிந்த கையோடு. கிறுகிறுப்பு இல்லை என்று சொல்வது. மெயின் போர்டை அவர் கண் முன்னால் திறந்து, அந்த நான்கு துண்டு ஒயரையும் கழற்றி, கட்டுப் போடாத கையில் வைப்பது. இது யார் போட்டது என்று அவர் கேட்பார்.